உன்னம்: ஆனைமலைச் சரிவுகளில் துப்பாக்கியின் கண்

பாலக்காட்டின் கிழக்கெல்லையில் உள்ள சித்தூர், கொழிஞ்சாம்பாறை, முதலமடைப் பகுதிகளிலும், இடுக்கியின் எல்லையில் உள்ள மறையூர், காந்தளூர், வட்டவடைப் பகுதிகளிலும் தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் வழங்குகின்றன. தமிழர் 'துப்பாக்கி' என்பதை மலையாளிகள் 'தோக்கு' என்பர். 'துப்பாக்கி' என்பது துருக்கிய மொழியின் 'துஃபெக்' என்ற சொல்லின் வழிவந்தது. கருவி வெளியிலிருந்து வந்தது. பெயரும் அதனோடு வந்தது. ஆனால் அக்கருவியைக் கண்ணோடு சேர்த்து இலக்கை நோக்கும் செயலுக்கு இரு மொழிகளும் இரவல் வாங்கவில்லை. தமிழில் அது 'குறி', மலையாளத்தில் 'உன்னம்'. நினைத்தல் என்று பொருள்படும் தமிழின் 'உன்னுதல்' என்ற வினையோடு ஒரே வேரைச் சேர்ந்த சொல் அது. எண்ணுவதும் குறிவைப்பதும் ஒரே சொல்லின் இரு கிளைகளாக இங்கே நிற்கின்றன.

துப்பாக்கியின் வரலாறு பெரும்பாலும் குழலின் வரலாறாகவும் மருந்தின் வரலாறாகவுமே எழுதப்படுகிறது. அதன் கண்ணாகிய குறியமைப்பின் வரலாறு அடிக்குறிப்பாக ஒதுங்கிவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து ஆனைமுடி வரையிலான மலைப்பகுதியை வைத்து அந்த வரலாற்றைப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். யார் எவ்வளவு தொலைவுக்குக் குறிபார்க்கலாம் என்பதைக் கைவினைத் திறன் மட்டும் தீர்மானிக்கவில்லை. பணமும் பதவியும் நிறமும் சட்டமும் சேர்ந்தே அதைத் தீர்மானித்தன. வழி அடைபட்டவர்கள் அரமும் ஒரு துளி வெள்ளைச் சாயமும் கொண்டு தம் கண்ணைக் கூராக்கிக்கொண்டனர்.

முதலில் குறியமைப்பின் வேலையைப் பார்க்க வேண்டும். எளிய துப்பாக்கியில் இரண்டு அடையாளங்கள் உண்டு. குழலின் முனையில் நிற்கும் சிறு மணி அல்லது முள் முன்குறி. கண்ணுக்கு அருகே, நடுவில் வெட்டுடன் இருக்கும் தகடு பின்குறி. வெட்டின் நடுவே முள்ளை நிறுத்தி, முள்ளின் தலையில் இலக்கை அமர்த்த வேண்டும். இதில் இடர் கண்ணிலேயே இருக்கிறது. பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய மூன்றும் மூன்று தொலைவுகளில் உள்ளன. மனிதக் கண்ணோ ஒரு நேரத்தில் ஒரு தொலைவையே தெளிவாகக் காணும். வயது நாற்பதைக் கடந்தால் பின்குறிதான் முதலில் மங்கும்.

பிழையின் அளவும் சிறிதன்று. இரு குறிகளுக்கும் இடையே 50 செ.மீ. தூரம் இருக்கும் துப்பாக்கியில் முள் 1 மி.மீ. விலகினால், 100 மீட்டருக்கு அப்பால் குண்டு 20 செ.மீ. விலகும். அந்த இடைவெளியை 72 செ.மீ. ஆக்கினால் அதே பிழை ஏறக்குறைய 14 செ.மீ. ஆகக் குறையும். குழலையோ மருந்தையோ மாற்ற வேண்டியதில்லை. பின்குறியைச் சற்றுப் பின்னால் நகர்த்தினால் போதும். குறைந்த செலவில் செய்யப்பட்ட மேம்பாடுகளில் பல இந்த எளிய கணக்கின் மேல் நிற்பவை.

கணவாயின் வாயிலில் நிற்கும் பாலக்காட்டுக் கோட்டையை ஹைதர் அலி 1766இல் கட்டினார். 1783இல் கர்னல் ஃபுல்லர்ட்டன் அதைக் கைப்பற்றினார். உடன்படிக்கைக்குப் பின் திப்புவிடம் திரும்பிய கோட்டை 1790இல் மீண்டும் கும்பெனியிடம் வீழ்ந்தது. இந்தப் போர்களில் கும்பெனிப் படை ஏந்திய 'பிரௌன் பெஸ்' வகைத் துப்பாக்கிக்குப் பின்குறியே கிடையாது. குழலின் முனையில் ஈட்டிமுனையைப் பூட்டுவதற்காக வைத்த சிறு குமிழே முன்குறியாகவும் பயன்பட்டது. புரியில்லாத அந்தக் குழலின் குண்டு 100 கெசத்துக்கு அப்பால் எங்கே விழும் என்று எவராலும் சொல்ல இயலாது. ஆகவே தனி வீரன் குறிபார்ப்பதைவிட, வரிசையாக நின்று ஒரே நொடியில் சுட்டு விரைவாக மீண்டும் மருந்திடுவதற்கே பயிற்சி முதலிடம் தந்தது. அதே காலத்தில் இந்தியக் கொல்லர்கள் செய்த திரித்துப்பாக்கிகள் பலவற்றில் வெட்டுடன் கூடிய பின்குறியும் முனையில் மணியும் இருந்தன. நின்று நிதானித்துச் சுடும் வேட்டைக்காரனுக்கும் கோட்டைக் காவலனுக்கும் அவை தேவைப்பட்டன.

1853ஆம் ஆண்டு வடிவ என்ஃபீல்டு ரைஃபிள் இந்தச் சமநிலையைக் கலைத்தது. குழலின் உட்புறத்தில் வெட்டிய புரி குண்டைச் சுழற்றி அனுப்பியது. பின்குறி ஓர் ஏணியாயிற்று. அதில் சறுக்கி ஏறும் பட்டையைத் தொலைவுக்கேற்ப உயர்த்தினால் 900 கெசம் வரைக்கும் குறிபார்க்கலாம். அந்த ரைஃபிளின் கொழுப்புத் தடவிய தோட்டா 1857இன் கிளர்ச்சியில் வகித்த பங்கைப் பள்ளிப் பாடங்கள் சொல்கின்றன. கிளர்ச்சிக்குப் பின் அதன் பின்குறிக்கு நேர்ந்ததை அவை சொல்வதில்லை.

இந்தியச் சிப்பாய்களுக்கென்று 1858இல் ஒரு புதிய வடிவம் வகுக்கப்பட்டது. வெளித்தோற்றத்தில் அது என்ஃபீல்டேதான். ஆனால் குழலின் புரி நீக்கப்பட்டுத் துளை அகலமாக்கப்பட்டது. ஏணிக்குறி அகற்றப்பட்டு, அசையாத ஒற்றை வெட்டு அதன் இடத்தில் பொருத்தப்பட்டது. வெள்ளைச் சிப்பாய் 900 கெசத்துக்குக் குறிபார்க்கையில், அவன் அருகே நின்ற இந்தியச் சிப்பாயின் பார்வை அவனுடைய தாத்தாவின் 100 கெச எல்லைக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. செலவைக் குறைப்பதற்காகச் செய்த மாற்றம் இது என்று எவரும் கூறவில்லை. தூரத்தைக் காணும் உரிமை பறிக்கப்பட்டது. அதற்குக் கருவியாக அமைந்தது விரலளவுத் தகடு. பின்னரும் ஒரு தலைமுறை இடைவெளி தொடர்ந்தது. பிரிட்டிஷ் படைக்கு மார்ட்டினி-ஹென்றி வந்தபோது இந்தியப் படைக்குப் பழைய ஸ்னைடர் தரப்பட்டது. அவர்களுக்கு லீ-மெட்ஃபோர்டு வந்தபோதே இவர்களுக்கு மார்ட்டினி இறங்கியது.

குடிமக்களுக்கான வேலி 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். மலபார் மாவட்டத்தின் பகுதியாக இருந்த பாலக்காடு நேரடியாக அதன் கீழ் வந்தது. இந்தியருக்கு உரிமம் கட்டாயம்; ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் விதிவிலக்கு. படைக்குரிய .303 அளவும் குடிமக்களுக்கு எட்டாமல் விலக்கி வைக்கப்பட்டது. அந்தத் தடையைச் சுற்றி வந்த வழியே .315 அளவு வேட்டை ரைஃபிள். லீ-என்ஃபீல்டின் அதே உடலமைப்பு. வேறு அளவுத் தோட்டா. விடுதலைக்குப் பின்னும் இஷாப்பூர்த் தொழிற்சாலை அதையே உருவாக்கியது. உரிமம் பெற்ற ஓர் இந்திய உழவரின் கைக்கு எட்டும் ரைஃபிள் என்றால் நெடுங்காலம் அதுதான். அதனோடு வந்தது வெறும் திறந்த குறி மட்டுமே.

இனி மலைக்கு வரலாம். ஜான் டேனியல் மன்றோ 1877இல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் அஞ்சுநாட்டு மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். அதற்கு 15 ஆண்டுகளுக்கு முன்னரே, 1862 மே 4 அன்று, மதராஸ் படையைச் சேர்ந்த டக்ளஸ் ஹாமில்ட்டன் ஆனைமுடியின் உச்சியை அடைந்தார். 2,695 மீட்டர் உயரமுள்ள அச்சிகரத்தில் எழுத்துப்பதிவு பெற்ற முதல் ஏற்றம் அது. மலைவாழ் மக்கள் அதற்கு முன்னரே ஏறியிருக்கக்கூடும். ஹாமில்ட்டன் வேட்டைக்காரர். அவருடைய வேட்டைக் குறிப்புகள் 1892இல் நூலாயின. அவரையும் அவருக்குப் பின் வந்த தோட்டத் துரைமார்களையும் இந்தப் புல்வெளிகளுக்கு இழுத்த விலங்குகளுள் முதன்மையானது வரையாடு. அவர்கள் அதற்கு 'ஐபெக்ஸ்' என்று தவறான பெயரிட்டிருந்தனர்.

குறியமைப்பின் குறைகள் அனைத்தையும் வெளிக்கொணரும் விலங்கு வரையாடு. அது செங்குத்துப் பாறையின் விளிம்பில் நிற்கும்; நிறமும் பாறையின் நிறமே. சுடுபவர் மேலிருந்து கீழ்நோக்கியோ கீழிருந்து மேல்நோக்கியோ சுட வேண்டும். புவியீர்ப்பு குண்டைக் கீழே இழுப்பதைக் கணிக்க, சரிவின் வழியே அளந்த நீளத்தைவிடக் கிடைத்தளத் தூரமே உதவும். 45 பாகைச் சரிவில் 200 மீட்டர் அப்பால் நிற்கும் ஆட்டுக்குக் கிடைத்தளத் தூரம் ஏறக்குறைய 141 மீட்டரே. 200க்கு உரிய தகட்டை நிமிர்த்திச் சுட்டால் குண்டு ஆட்டின் மேலாகச் செல்லும். நூலிழை தவறினால் வயிற்றிலோ காலிலோ பட்ட விலங்கு பள்ளத்துக்குள் இறங்கிப் பல நாள் வலியோடு கிடந்து இறக்கும். மலிவான குறியின் விலையைச் செலுத்தியது பெரும்பாலும் சுட்டவரல்லர், சுடப்பட்ட உயிரே.

அந்தத் துரைமார்களின் முதல் தொலைநோக்கி கண்ணாடியால் ஆனதன்று. அது முதுவரின் கண். மதுரையிலிருந்து வந்தோம் என்ற வாய்மொழி மரபைப் பேணும் முதுவர்களின் பேச்சு தமிழோடு நெருங்கிய உறவுடையது. எந்தச் சரிவில் காலையில் மந்தை மேயும், காற்று எப்போது திரும்பும், பாறையில் தெரியும் புள்ளி கல்லா ஆடா என்பதை அவர்களே அறிந்திருந்தனர். பின்னர் தோட்டத்தார் அமைத்த வேட்டைக்காப்புச் சங்கமும் முதுவர்களையே காவலர்களாக அமர்த்தியது. கண்டவர் ஒருவர், சுட்டவர் வேறொருவர். வேட்டைப் பதிவேட்டில் ஏறியது சுட்டவரின் பெயர்.

விலையுயர்ந்த ரைஃபிள் வைத்திருந்தவர்களும் குறியமைப்பை எளிய முறைகளில் திருத்திக்கொண்டனர். வெளிச்சம் குன்றும் அந்தியில் கறுத்த இரும்பு முள் கறுத்த காட்டில் கரைந்துவிடும். முள்ளின் தலையில் தந்தமோ வெள்ளியோ பதித்தால் அது மின்னும். அவ்வளவு செலவு இயலாதவர் வெள்ளைச் சாயம் தொட்டு வைத்தனர். இரவில் பரண்மேல் அமர்ந்தவர் முனையில் வெள்ளைப் பஞ்சையோ காகிதத் துண்டையோ கட்டினர். பின்குறியின் வெட்டு நெருக்கமாக இருந்தால் அரத்தால் அகலமாக்கினர். குண்டு தாழ்வாகப் பட்டால் முன்குறியின் உயரத்தை அராவிக் குறைத்தனர். முள் குறைந்தால் குழல் சற்று உயர வேண்டும், குண்டும் உயரும். மிகுதியாக அராவிவிட்டால் திரும்ப வளர்க்க இயலாது என்பதால், ஒவ்வோர் அராவலுக்கும் பின் சுட்டுப் பார்ப்பதே வழக்கம். மின்கலக் கைவிளக்கு வந்தபின் அது குழலோடு கட்டப்பட்டது. 1926இல் ருத்ரபிரயாகையின் ஆட்கொல்லிச் சிறுத்தையை ஜிம் கார்பெட் சுட்டது அத்தகைய விளக்கின் ஒளியில்தான்.

இவற்றுள் அறிவியல் நுட்பம் மிகுந்தது துளைக்குறி. அமெரிக்கரான வில்லியம் லைமன் 1879இல் காப்புரிமை பெற்ற வடிவம் புகழ்பெற்றது. வெட்டுத் தகட்டுக்குப் பதில் கண்ணருகே ஒரு சிறு வளையம், அவ்வளவே. வளையத்தின் வழியே பார்க்கும் கண் தானாகவே அதன் நடுவை நாடும். வளையத்தைத் தெளிவாகக் காண வேண்டிய தேவையே இல்லாததால் மூன்று தொலைவுகள் இரண்டாகக் குறைகின்றன. சிறுதுளை ஒளிக்கற்றையை ஒடுக்குவதால் முன்குறியும் இலக்கும் ஒருங்கே கூர்மை பெறுகின்றன. மூக்குக்கண்ணாடி இன்றி எழுத்துப் படிக்க முடியாதவர் காகிதத்தில் ஊசித்துளையிட்டு அதன் வழியே பார்த்தால் எழுத்து தெளிவது இதே காரணத்தால்தான். கண்ணருகே பொருத்தப்படுவதால் இரு குறிகளின் இடைவெளியும் நீள்கிறது. வில்லை ஒன்றுகூட இல்லாமல் பார்வையைக் கூராக்கிய கருவி அது.

வில்லையின் கதை தனி. தொலைநோக்கியைத் துப்பாக்கியில் பொருத்திய முன்னோடிகளுள் டேவிட்சன் என்பவர் பம்பாய்ப் படையில் பணியாற்றியவர். அவருடைய தொலைநோக்கி 1860களில் விட்வொர்த் ரைஃபிள்களில் ஏறி, அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையின் குறிசுடுநர் கைக்குச் சென்றது. ஆனால் குறுக்கிழை கொண்ட தொலைநோக்கி தென்னிந்தியாவுக்கு அதற்கு வெகு முன்பே வந்திருந்தது, சுடுவதற்கன்று, அளப்பதற்கு. வில்லியம் லாம்ப்டன் 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே தொடங்கிய பெரும் முக்கோண அளவையின் கருவி அதுவே. வார்டும் கானரும் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்தனர். நில அளவைக் கருவியின் குறுக்கிழைக்கும், பிற்காலத் துப்பாக்கித் தொலைநோக்கியின் குறுக்கிழைக்கும் நெடுங்காலம் பயன்பட்டது சிலந்தி நூல். 17ஆம் நூற்றாண்டில் வில்லியம் கேஸ்கோயின் தம் தொலைநோக்கியில் கண்டறிந்த முறை அது. நாட்டை அளந்த கண்ணும் விலங்கைக் குறித்த கண்ணும் ஒரே இழையின் வழியே பார்த்தன.

மூணாற்றுப் பனிமூட்டம் அந்தக் கண்ணாடிகளுக்குப் பகையாக இருந்தது. காற்றுப்புகாமல் அடைக்கப்படாத குழாய்க்குள் ஈரம் புகுந்து, குளிர்ந்த காலையில் வில்லையின் உட்புறத்தில் ஆவி படியும். வெளியே துடைக்கலாம், உள்ளே துடைக்க இயலாது. அதனால் திறந்த குறியை நம்பியவர்களைப் பழமைவாதிகள் என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் வில்லியம் வீவர் 1930இல் 19 டாலர் விலையில் ஒரு தொலைநோக்கியை விற்கத் தொடங்கினார். செல்வரின் ஆடம்பரமாக இருந்த கருவி எளியவருக்கும் எட்டியது அப்போதுதான். செய்ஸ் நிறுவனத்தின் ஸ்மக்குலா 1935இல் கண்டறிந்த வில்லைப்பூச்சு ஒளியிழப்பைக் குறைத்தது. லியூபோல்டு நிறுவனம் 1947இல் நைட்ரஜன் நிரப்பி அடைத்த குழாயை வெளியிட்டது. ஆவி படியும் குறை அதனால் நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் ஆனைமலையின் உழவருக்கு அந்த 19 டாலரும் கடல் கடந்த தொகையாகவே இருந்தது.

சிக்கனம் எளியவரோடு நிற்கவில்லை. பேரரசும் அதற்குப் பணிந்தது. முதல் உலகப்போரில் லீ-என்ஃபீல்டின் உற்பத்தியை விரைவுபடுத்துவதற்காக, நெடுந்தொலைவுக்குக் கூட்டமாகச் சுடும் பக்கக்குறி கைவிடப்பட்டது. இரண்டாம் போரின் 4ஆம் எண் ரைஃபிளுக்கு நுண்திருகு கொண்ட துளைக்குறி வகுக்கப்பட்டது. தேவை பெருகியதும், 300 கெசத்துக்கு ஒன்றும் 600 கெசத்துக்கு ஒன்றுமாக இரண்டே துளைகள் கொண்ட, புரட்டிப் போடும் தகடு அதன் இடத்தைப் பிடித்தது. 1960களில் இஷாப்பூர் அந்த ரைஃபிள் மரபை 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றியபோது, 2,000 கெசம் வரை பொறித்திருந்த பின்குறி 800 மீட்டராகச் சுருங்கியது. ஒருவரும் சுடாத தொலைவுக்கு எண் பொறிப்பது வீண் என்பதை ஏற்க அரைநூற்றாண்டும் இரு பெரும் போர்களும் தேவைப்பட்டன.

மலையில் வேட்டையின் காலம் முடிந்தது. 1971இன் சட்டம் கண்ணன் தேவன் நிலங்களை அரசுக்கு மீட்டது. 1972இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வரையாட்டைத் தன் முதல் அட்டவணையில் வைத்தது. இரவிகுளம் 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. ஆனால் வில்லை மலையை விட்டு இறங்கவில்லை. துப்பாக்கியை விட்டு மட்டும் இறங்கியது. 1969இல் ஜார்ஜ் ஷாலர் இங்கே வரையாட்டைக் கூர்ந்து நோக்கி எழுதினார். வழக்கறிஞரும் முன்னாள் வேட்டைக்காரருமான ஈ. ஆர். சி. டேவிதார் 1975இல் வரையாட்டின் கணக்கெடுப்பில் முனைந்தார். அவர் நினைவாகவே அக்டோபர் 7ஆம் நாளைத் தமிழ்நாடு அரசு வரையாடு நாளாகக் கடைப்பிடிக்கிறது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடும் கேரளமும் ஒரே நாட்களில் நடத்திய கணக்கெடுப்பில் கேரளத்தில் 1,365, தமிழ்நாட்டில் 1,303 வரையாடுகள் பதிவாயின. இரவிகுளத்தில் மட்டும் 841.

பள்ளத்தாக்கில் கதை முடியவில்லை. நெல்லையும் கிழங்கையும் காட்டுப்பன்றிகள் அழிப்பதால், அவற்றைச் சுட ஆணையிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கேரள அரசு 2022இல் வழங்கியது. நஞ்சும் வெடியும் மின்வேலியும் தடைசெய்யப்பட்ட வழிகள். உரிமம் பெற்ற துப்பாக்கி மட்டுமே அனுமதிக்கப்பட்டது. இரவில் வரப்பில் நிற்கும் உரிமக்காரர் பலரின் கையில் இருப்பது குழல் முனையில் ஒற்றை மணி மட்டும் உள்ள பழந்துப்பாக்கி. அரசு சுடும் அதிகாரத்தைப் பகிர்ந்துகொண்டது. குறிபார்க்கும் திறனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. காயத்தோடு புதருக்குள் ஓடும் பன்றி அடுத்த நாள் காலையில் வரப்பில் நடக்கும் மனிதருக்கும் ஆபத்து. 1858இல் ஒரு தகட்டைப் பிடுங்கியபோது எழுந்த கேள்வி இன்று வேறு வடிவில் திரும்பியிருக்கிறது. சுடும் பொறுப்பை ஒருவரிடம் கொடுப்பவர், தெளிவாகக் காணும் வழியையும் அவருக்குக் கொடுத்தாக வேண்டும். நல்ல குறி, பயிற்சி, தொலைவு மிகுந்தால் சுடாமல் விடும் கட்டுப்பாடு ஆகிய மூன்றில் கடைசி ஒன்றுக்குத்தான் செலவே இல்லை. எண்ணுவதற்கும் குறிவைப்பதற்கும் ஒரே வேரை வைத்த மொழிகள் அதை முன்பே அறிந்திருந்தன.